தூர ஊசி, கிட்ட ஊசி

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கோடு அளப்பது.

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேசை மேல் நூற்றிருபது தாள்கள். ஒவ்வொரு தாளிலும் ஒரு கோடு, சரியாகப் பத்து சென்டிமீட்டர். இடது முனையில் ‘வலியே இல்லை’ என்றும் வலது முனையில் ‘இதற்கு மேல் தாங்க முடியாது’ என்றும் அச்சிட்டிருந்தது. பல்லை எடுத்து முடித்ததும் நோயாளி கையில் பென்சிலைக் கொடுத்து, எவ்வளவு வலித்ததோ அந்த இடத்தில் ஒரு கீறல் போடச் சொல்வார்கள். இடது முனையிலிருந்து கீறல் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறதோ அதுதான் வலியின் அளவு. அப்பா எஃகு ஸ்கேலை வைத்துப் படித்தார். நான் கணினியில் ஏற்றினேன்.

“முப்பத்தெட்டு.”

“ம்.”

“அம்பத்தொண்ணு.”

“ம்.”

“இவன் கோட்டையே தாண்டிட்டாம்மா. கீறல் வெளியில கிடக்கு.”

“நூறுன்னு சொல்லுங்க.”

“நூறு பத்தலைன்னுதானே வெளியில போட்டிருக்கான்.”

“நூறுக்கு மேல கிடையாதுப்பா.”

“கோட்டுக்குக் கிடையாது. சரி, நூறு.”

ஒரு பெண்மணி கீறலுக்குப் பதில் பூ வரைந்திருந்தார். பூவின் நடுவை அளப்பதா, காம்பை அளப்பதா என்று ஐந்து நிமிடம் வாதாடினோம். நடு என்று முடிவானது. அப்பா அதை எழுதிவிட்டு, “பல்லு போன சந்தோஷத்துல போட்டிருக்கு” என்றார்.

அப்பா ஒரு பொது மருத்துவமனையின் பல் எடுக்கும் அறையில் உதவியாளர். முப்பத்தொரு வருடம். எல்லோரும் அவரை ‘பல் ரூம் அண்ணன்’ என்பார்கள். அவர் அந்த அறைக்கு வந்ததே தற்செயல். முதலில் அங்கே லிஃப்ட் இயக்கும் வேலை பார்த்தார். லிஃப்ட் பழுதானது. அது சரியாகும் வரை ஒரு வாரம் பல் அறையில் நில் என்று அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்து லிஃப்ட் சரியானது. அவரைத் திரும்பக் கூப்பிட ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழாத ஆள் கிடைத்ததால் பல் டாக்டரும் வாயைத் திறக்கவில்லை. அம்மா இருந்தவரை, “இன்னைக்காவது லிஃப்ட் ரிப்பேர் ஆயிடுச்சான்னு கேட்டீங்களா?” என்று கிண்டல் செய்வார்.

அம்மா போய் ஒன்பது வருடம். அப்பா இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். நான் நான்கு மணி நேர ரயில் தூரத்தில் வேலை பார்க்கிறேன். அளவுக் கருவிகளைச் சோதிக்கும் கூடம். தராசு, அழுத்தமானி, வெப்பமானி எது வந்தாலும் அது எவ்வளவு தவறாகக் காட்டுகிறது என்று கண்டுபிடித்துத் தாள் எழுதிக் கொடுப்பேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வந்து திங்கள் காலை கிளம்புவேன்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். கேள்வி கேட்பார், பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். வேலை நேரம் முழுக்க வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியதால் வந்தது. ஃபோனிலும் அப்படித்தான். “சாப்பிட்டியா? இங்க நல்ல வெயில். வீட்டுக்காரர் குழாயை மாத்திட்டாரு” என்று ஒரே மூச்சில் போய்விடுவார். நான் சாப்பிட்டேனா இல்லையா என்பது அப்படியே நிற்கும்.

அந்தத் தாள்களுக்கு வருகிறேன்.

அந்த அறையில் கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுக்க இரண்டு விதமாக ஊசி போடுவார்கள். ஒன்றில், பல்லுக்குப் பக்கத்திலேயே போகமாட்டார்கள். வாயின் கடைசி மூலையில், தாடை எலும்புக்குள் நரம்பு நுழைகிற இடத்தருகே மருந்தை விடுவார்கள். அந்தப் பக்கத்துப் பற்கள், பாதி உதடு, பாதி நாக்கு எல்லாம் சேர்ந்து மரத்துப் போகும். டாக்டர்கள் பிளாக் என்பார்கள். அப்பா வைத்த பெயர் தூர ஊசி. இன்னொன்றில், எடுக்க வேண்டிய பல்லுக்கு நேராக, கன்னத்தின் பக்கம் ஈறில் குத்துவார்கள். அதற்கென்று எலும்பு வழியாக நன்றாக ஊறிப் போகிற மருந்து ஒன்று உண்டு. அந்தப் பல்லைச் சுற்றி மட்டும் மரக்கும். இது கிட்ட ஊசி. இரண்டும் சரிப்படாமல் போனால் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய ஊசியை இறக்கி அழுத்துவார்கள். அதை இடுக்கு ஊசி என்பார். அது கணக்கில் இல்லை.

தூர ஊசி நூறு வருடப் பழக்கம். ஆனால் ஐந்து பேரில் ஒருவருக்காவது சரியாகப் பிடிக்காது. நரம்பு எல்லோருக்கும் ஒரே இடத்தில் ஓடுவதில்லை. கிட்ட ஊசியே போதுமா என்று பார்க்க அந்த அறையின் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். இரண்டு வருடம். அறுபது பேருக்கு இது, அறுபது பேருக்கு அது. யாருக்கு எது என்பதை ஒட்டிய உறை முடிவு செய்யும். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். அதுவரை டாக்டருக்கே தெரியாது. முறையாகச் செய்திருந்தார். அளக்க ஆள் இல்லை என்றபோது அப்பா, “என் பொண்ணு அளக்குறதுக்குன்னே படிச்சவ” என்று என்னை ஒப்புக் கொடுத்துவிட்டார்.

மதியத்துக்குள் முடித்தோம். கணக்கைப் போட்டேன். தூர ஊசிக்குச் சராசரி நாற்பத்தொன்று. கிட்ட ஊசிக்கு இருபத்தேழு. பதினான்கு மில்லிமீட்டர் வித்தியாசம். வலி விஷயத்தில் அது பெரிய வித்தியாசம்.

“டாக்டரம்மா ஜெயிச்சுட்டாங்க” என்றேன். “கிட்ட ஊசிதான்.”

அப்பா திரையைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றி மறுபடி பார்த்தார். வயது, ஆணா பெண்ணா, எந்தப் பல், எந்த ஊசி, எத்தனை நிமிடம், எத்தனை மில்லிமீட்டர். ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துக்கொண்டு போனார்.

“இதுல என் கை எந்தக் கட்டத்துல இருக்கும்மா?”

எனக்குப் புரியவில்லை.

அவர் எழுந்து என்னை அந்த நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்காரச் சொன்னார். பின்னால் வந்து நின்று இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்தார். “இது தூர ஊசி. வாயை ஆன்னு முழுசாத் திறக்கணும். நம்ம சேர்ல தலைத் திண்டு வழுக்கும், அதோட திருகு போய்ப் பல வருஷம் ஆச்சு. அதனால ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்குவேன். ஊசி போட்டதும் மரக்கிற வரைக்கும் வெளியில பெஞ்சுல உக்கார வெச்சிடுவோம். எட்டு நிமிஷம், பத்து நிமிஷம். அதுக்குள்ள அடுத்த ஆளு.”

பிறகு பக்கவாட்டில் வந்தார். “இது கிட்ட ஊசி. வாயைப் பாதி திறந்தாப் போதும். கன்னத்தை டாக்டரே விரலால இழுத்துக்குவாங்க. என் கை ரெண்டும் சும்மா இருக்கு.” அவருடைய இடது கை என் தோளில் வந்து உட்கார்ந்தது. “இப்படி வெச்சுக்குவேன். நாலே நிமிஷம்கிறதால வெளியில அனுப்ப மாட்டோம், சேர்லயே இருப்பாங்க. நானும் அப்படியே நிப்பேன். வெச்ச கையைப் பல்லு வர்ற வரைக்கும் எடுக்கத் தோணாது.”

கை கனமாக இருந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என் மேல் பட்ட கை அது. நான் அதைக் கவனிக்கவில்லை. கணக்கைக் கவனித்தேன்.

“எப்பருந்து இப்படி வெக்கறீங்க?”

“உங்கம்மா போன மறுவருஷத்துலேருந்து.”

அந்த வருடம் அவருக்கே ஒரு கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டியிருந்ததாம். அப்போதிருந்த டாக்டர் தூர ஊசியைப் போட்டு வெளியே பெஞ்சுக்கு அனுப்பினார். “தலையைப் பிடிக்க ஆள் இல்லை. பிடிக்கிற ஆளே நான்தானே. நானே ஒரு கையால மண்டையைப் பிடிச்சுக்கிட்டேன்” என்று சிரித்தார். “பெஞ்சுல உக்காந்தேன். உதடு போச்சு. நாக்குல பாதி போச்சு. என் மூஞ்சி என்கிட்ட இல்ல. உள்ள வேற ஆளோட பல்லு டங்குனு தட்டுல விழுற சத்தம். பக்கத்துல யாராவது உக்காந்திருந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு. யாரை உக்காரச் சொல்றது?”

எனக்கு அவர் அந்தப் பல்லை எடுத்ததே தெரியாது.

“அப்போ சரியா வரலைப்பா” என்றேன். “இது ஊசிக்கும் ஊசிக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் இல்ல. ஒரு பக்கம் ஊசியோட கையும் சேர்ந்திருக்கு. பதினாலுல ஊசி எவ்வளவு, கை எவ்வளவுன்னு பிரிக்க முடியாது.”

“அப்போ என் கை?”

“அது பிழைதான்பா.”

என் தொழிலில் பிழை என்பது திட்டு இல்லை. எல்லாக் கருவிக்கும் பிழை உண்டு. எவ்வளவு என்று எழுதி வைத்துவிட்டால் அதோடு வாழலாம். அன்றாடம் நூறு முறை சொல்கிற சொல். அவரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்லவில்லை.

அவர் கையை எடுத்தார். தாள்களை அடுக்கினார். அடுக்கி முடித்து, “அப்போ ரெண்டு வருஷத்தை நான் கெடுத்துட்டேன்” என்றார்.

மாத இறுதியில் மருத்துவமனையின் டாக்டர்கள் கூட்டத்தில் டாக்டரம்மா முடிவைச் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டால் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குத் தூர ஊசியை அங்கேயும் நான்கு கிளை மருத்துவமனைகளிலும் நிறுத்திவிடுவார்கள். அப்பாவை உறுத்தியது அதுதான்.

“கிளையில எல்லாம் ஒரே டாக்டர், ஒரே நர்ஸ். அங்க கை வெக்க ஆள் கிடையாதேம்மா. வலிக்காதுன்னு சொல்லி உக்கார வெப்பாங்க. வலிக்கும்.”

“டாக்டரம்மாகிட்ட நாளைக்கே சொல்லிடுங்க.”

“சும்மா போய்ச் சொன்னா அந்தம்மா உடைஞ்சு போயிடும். கெடுத்தவன் கொஞ்சமாவது சரி பண்ணிட்டுத்தான் போகணும். அந்தக் கட்டத்தை ஒண்ணு சேர்த்துடலாமா? யார் யாருக்குக் கை வெச்சேன், யாருக்கு வெக்கலைன்னு?”

யோசித்துப் பார்த்தால் அது முட்டாள்தனமான யோசனை இல்லை. தூர ஊசியிலும் சிலருக்குக் கை வைத்திருந்தார். ரொம்ப நடுங்கியவர்கள், துணைக்கு ஆள் வராதவர்கள். அவர்களோடு பெஞ்சிலும் போய் உட்கார்ந்திருந்தார். கிட்ட ஊசியிலும் சிலருக்குக் கை இல்லை. கூட்டமான நாட்களில் அவரை நடுவே வெளியே கூப்பிட்டுவிடுவார்கள். தவிர, இரண்டு வருடத்தில் பதினோரு நாள் லீவு போட்டிருந்தார். அந்த நாட்களில் வேறு வார்டு ஆள் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான்.

“ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கழிச்சு ஞாபகத்தை நம்ப முடியாதுப்பா.”

“பல்லை மறந்துடுவாங்க. கையை மறக்க மாட்டாங்க.”

அட்டவணையை அச்செடுத்துக் கொடுத்தேன். வலது ஓரத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் கோடு போட்டுக்கொண்டார். திங்கள் காலை நான் கிளம்பினேன்.

பல் எடுத்த மறுநாள் ரத்தம் நின்றதா என்று விசாரிக்க ஒவ்வொருவரின் ஃபோன் எண்ணையும் வாங்கி வைப்பது வழக்கம். விசாரித்ததும் அப்பாதான். அதே எண்களுக்கு மறுபடி பேசத் தொடங்கினார். வேலை முடிந்து வந்து ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு பேர். பேசி முடித்ததும் எனக்குச் சொல்வார்.

“முதல் ஆளுகிட்ட, போன வருஷம் உங்களுக்குப் பல்லு எடுத்தோமேன்னேன். ஏன், திருப்பித் தரப் போறீங்களாங்கிறான்.”

இன்னொரு நாள், “ஒரு அம்மாவுக்கு ஃபோன் போட்டா வீட்டுக்காரர் எடுத்துட்டாரு. உங்க வீட்டம்மாவுக்குத் தோள்ல கை வெச்சிருந்தேனான்னு கேக்கணும்னேன். யோவ், யாருய்யா நீன்னு எகிறிட்டான். பின்னாலேருந்து அந்தம்மா கத்துது. ‘அது பல் ரூம் அண்ணன். வெச்சிருந்தாரு. நீங்க வெளியில டீ குடிச்சுக்கிட்டு இருந்தீங்க’ன்னு. அதுக்கப்புறம் அங்க என்ன நடந்துச்சோ, நான் ஃபோனை வெச்சுட்டேன்.”

ஒரு தையல்காரரின் பதில் மட்டும் அவரைக் குழப்பிவிட்டது. “நீங்க கை வெக்கலை, நான்தான் உங்க கையைப் பிடிச்சு இழுத்து வெச்சுக்கிட்டேங்கிறாரு. அதை எந்தக் கட்டத்துல போடறது?”

“ஆம்னே போடுங்க.”

“நான் வெக்கலையே.”

“கை இருந்துச்சுல்ல? ஆம்னு போடுங்கப்பா.”

அந்த வாரங்களில் எங்கள் கூடத்தில் தணிக்கை. வெளியாட்கள் வந்து ஒவ்வொரு கருவியின் தாளையும் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஃபோன் செய்யும்போது நான் பெரும்பாலும் கூடத்தில்தான் இருந்தேன். ம், சரி, அப்புறம் பேசறேன். இந்த மூன்றுக்கு மேல் நான் சொன்னதாக ஞாபகம் இல்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கிற ஆள் இல்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது. வர வேண்டிய சனிக்கிழமையும் வரவில்லை. சொன்னபோது, “அதனாலென்ன, எனக்கும் வேலை இருக்கு” என்றார்.

எனக்கு இப்போது புரிகிற ஒன்று. ஒன்பது வருடத்தில் அவர் வீட்டிலிருந்து அத்தனை பேரிடம் பேசியது அந்த இரண்டரை வாரத்தில்தான். ஒவ்வொருவரிடமும் அவர் கேட்டது ஒரே கேள்வி. நான் உங்களோடு இருந்தேனா?

புதன்கிழமை மாலை கூப்பிட்டார். “இன்னும் ஒண்ணுதாம்மா பாக்கி. நாளைக்கு முடிச்சிடுவேன். வெள்ளிக்கிழமை டாக்டரம்மாகிட்ட சொல்லிடறேன்.”

“சரிப்பா. அப்புறம் பேசறேன்.”

“சரி, நீ போய் உன் பிழைங்களைப் பாரு” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

வியாழன் காலை வேலைக்குப் போகும் பேருந்தில் அவர் இதயம் நின்றது. ஜன்னலோர இருக்கை. தூங்குகிறார் என்று பக்கத்தில் இருந்தவர் நினைத்திருக்கிறார். அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் போயிற்று. அதற்குப் பின் ஆறு நிறுத்தம். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் தட்டி எழுப்பிப் பார்த்திருக்கிறார். மருத்துவமனை அடையாள அட்டையைப் பார்த்து அங்கே சொல்லி, அங்கிருந்து எனக்குச் சொன்னார்கள். நான் ஓர் அழுத்தமானியின் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அளவை எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

காரியங்கள் முடிந்தன. டாக்டரம்மாவும் வந்திருந்தார், கூட்டத்தோடு நின்றார், போனார். கை விஷயத்தை அன்று அவரிடம் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை இருந்தன. இன்னொரு தட்டு எங்கே என்று தேடினேன். நான் வரும்போது எனக்குப் போடுவது. மேல் அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்தார்.

அட்டவணை மேசை மேல் இருந்தது, மேலே அந்த எஃகு ஸ்கேல். அவர் கோடு போட்ட கட்டம் பென்சிலால் நிரம்பியிருந்தது. ஆம், இல்லை, ஆம், ஆம், இல்லை. தையல்காரரின் வரியில் ‘ஆம் (அவர் பிடித்தது)’. கட்டத்துக்குத் தலைப்பும் வைத்திருந்தார். மற்ற தலைப்புகள் அச்சில் இருந்ததால் அதற்கு ஈடாக எழுத்துகளை ஒவ்வொன்றாக, நிறுத்தி, அழகாக எழுதியிருந்தார். ‘பிழை’.

ஸ்கேலை எடுத்தேன், வைத்தேன். அன்று வேறு எதுவும் செய்யவில்லை.

மறுநாள் கணக்கைப் போட்டேன். கை இல்லாதவர்களை மட்டும் எடுத்தால் தூர ஊசிக்கு நாற்பத்து மூன்று, கிட்ட ஊசிக்கு முப்பத்தேழு. கை இருந்தவர்களில் தூர ஊசிக்கு இருபத்தெட்டு, கிட்ட ஊசிக்கு இருபத்து நான்கு. கிட்ட ஊசி நல்லதுதான், நான்கு முதல் ஆறு மில்லிமீட்டர் அளவுக்கு. கை, எந்த ஊசியானாலும், பதின்மூன்று முதல் பதினைந்து வரை குறைத்திருந்தது. சில பிரிவுகளில் ஆட்கள் ரொம்பக் குறைவு. ஞாபகம் ஒரு கருவி இல்லை. வலிக்காதவர்களே கையை நினைவு வைத்திருக்கலாம். இதையெல்லாம் தாளின் அடியில் எழுதினேன். எழுதாமல் கொடுக்க எனக்குத் தெரியாது.

மாதக் கூட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. பல் அறைக்குப் போனேன்.

டாக்டரம்மா உள்ளே வேலையாக இருந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். தூர ஊசி போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஓரமாக எச்சில் வழிந்தது அவருக்குத் தெரியவில்லை. கைக்குட்டையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வேறு பக்கம் துடைத்தார். தோளைத் தொடலாமா என்று நினைத்தேன். கை எழவில்லை. எனக்கு அது பழக்கம் இல்லை. உள்ளே தட்டில் டங்கென்று ஒரு பல் விழுந்தது. பெரியவர் கதவைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

உள்ளே கூப்பிட்டபோது தலைத் திண்டு வழுக்கும் அந்த நாற்காலியைப் பார்த்தேன். அப்பாவின் மேலங்கி கொக்கியில் அப்படியே தொங்கியது. புது ஆள் சுவரோரமாகக் கையைப் பின்னால் கட்டி நின்றான்.

“உக்காருங்க. அண்ணன் இடத்துல இன்னும் பழகலை” என்றார் டாக்டரம்மா. “வாயைக் கழுவிக்கச் சொல்றதுக்குக்கூட அவர் குரல்தான் வருதான்னு பாக்கறேன்.”

அட்டவணையை அவர் முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். கை, பெஞ்சு, ஃபோன், கணக்கு. அதிகம் சொல்லத் தெரியவில்லை. நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அவர் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்து முதல் வரியிலிருந்து கீழே வந்தார். நடுவில் நிறுத்தினார்.

“ரெண்டு வருஷம் பக்கத்துல நின்னாரு. நான் பாக்கவே இல்லை.”

“நீங்க வாயைத்தானே பாத்துக்கிட்டு இருந்திருப்பீங்க.”

“ஆமா.” கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நல்லா மரத்திருக்குன்னு நினைச்சேன். என் கை அவ்வளவு நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.”

“உங்க வேலையைக் கெடுத்துட்டதா ரொம்ப வருத்தப்பட்டாரு.”

“கெடுத்தாரா? இதை மட்டும் சொல்லாம இருந்திருந்தா நாலு கிளைக்கு எழுதி அனுப்பியிருப்பேனே.” தலைப்பைப் பார்த்தார். “பிழைன்னு ஏன் எழுதினாரு? யார் சொன்னது?”

“நான்.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார்.

“கூட்டத்துல இப்போதைக்கு முடிவு இல்லைன்னு சொல்லிடறேன்” என்றார். “மறுபடி செய்யணும். ரெண்டு பக்கமும் கை வெச்சு ஒரு முறை, ரெண்டு பக்கமும் வெக்காம ஒரு முறை. பெஞ்சுல தனியா உக்கார வெக்கறதையும் நிறுத்தணும்.” சுவரோரம் நின்ற புது ஆளைப் பார்த்தார். அவன் பின்னால் கட்டிய கையை அவிழ்த்து முன்னால் கட்டிக்கொண்டான். “ஆனா யாரோட கை? அதுதான் தெரியலை.”

எனக்கும் தெரியவில்லை.

அட்டவணையைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அவர் மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். “எழுபத்து மூணாவது வரி காலியா இருக்கே.”

“ஒருத்தர் பாக்கின்னு சொன்னாரு.”

“ஒண்ணு விட்டுப் போனா கணக்கு மாறாது.”

“மாறாது” என்றேன். எனக்கு அது தெரியும். அப்பாவும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

எழுபத்து மூன்றுக்குக் கிட்ட ஊசி. வயது எழுபத்தொன்று, பெண். கீறல் இருபத்தொன்பது மில்லிமீட்டரில். கை இருந்ததா என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை. அதற்கு வெளியே, தாளின் விளிம்பில், அப்பா பொடி எழுத்தில் எழுதியிருந்தார்:

‘பாதியில் என்னை வெளியே கூப்பிட்டார்கள். திரும்பி வந்து வைத்தேனா, ஞாபகம் இல்லை. ஃபோன் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், அச்சகத்துக்கு மேல் மாடி, பச்சைக் கதவு. காது கேட்காது, பலமாகத் தட்ட வேண்டும். எழுதிக் காட்டிக் கேட்க வேண்டும். வியாழன், வேலை முடிந்ததும்.’